மடிப்புக்கு முன்தேதி இல்லை

தென் மண்டலத் தேர்வுக் கழகத்தின் விடைத் தகராறுக் குழு ஆண்டுக்கு ஒருமுறை, குற்றாலத்தில், அருவியில் தண்ணீர் விழும்போது மட்டும் கூடும். வேறு ஊரில் கூடக்கூடாது என்று விதி எதுவும் கிடையாது. ஆனால் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் நடந்து வருகிறது. அதை மாற்ற வேண்டுமானால் தனியாக ஒரு குழு போட வேண்டும். அந்தக் குழுவும் குற்றாலத்தில்தான் கூட வேண்டியிருக்கும். "பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறவர்களுக்குத் தலை குளிர்ந்திருக்க வேண்டும்" என்பார் தலைவர். ஆகவே காலையில் எண்ணெய் தேய்த்து, பேரருவியில் ஒரு மணி நேரம் நின்று, பங்களாவுக்குத் திரும்பி, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மூன்றரை மணிக்குக் குழு கூடும். நாலு மணிக்குக் காப்பி வந்துவிடும்.

நான் அந்தக் குழுவின் குமாஸ்தா, வல்லிநாயகம். வருஷத்தில் பதினோரு மாதம் தென்காசியில் ஓர் அறையில் கோப்புகளுக்குக் காவல் இருப்பேன். பன்னிரண்டாவது மாதம் அவற்றைச் சாரலில் நனையாமல் குற்றாலத்துக்குத் தூக்கிக்கொண்டு போவேன். நனைந்த கோப்புகளைப் பற்றி விதி உண்டு. அழுகிற தகப்பனைப் பற்றி விதி கிடையாது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அந்தத் தகப்பன் பெயர் மாடன். அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில். குழுவின் ஐந்து உறுப்பினர்களுக்கும் அவர்தான் வாடிக்கை. யாருக்கு முட்டியில் வலி, யாருக்குத் தோளில் பிடிப்பு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எழுத்து வாசனை கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகளைத் தனியாக வளர்த்தார். அவள்தான் பேச்சித்தாய்.

1961 ஜூன் மாதம் பள்ளியிறுதித் தேர்வு முடிவு வந்தது. பேச்சித்தாய் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள், விஞ்ஞானத்தைத் தவிர. தேற முப்பத்தைந்து வேண்டும்; அவளுக்கு முப்பத்து மூன்று. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு ஓர் இடம் தற்காலிகமாகக் கிடைத்திருந்தது. அக்டோபர் முடிவதற்குள் தேர்ச்சிச் சான்றிதழ் காட்டினால் இடம் உறுதி. காட்டாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அந்த இரண்டு மதிப்பெண் போனது ஒரு படத்தில். மைட்டோகாண்ட்ரியாவை வரையச் சொல்லியிருந்தார்கள். அவள் அதற்கு இரண்டு சவ்வு வரைந்து, உள்சவ்வைக் குடல் மாதிரி மடித்து மடித்து வரைந்திருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் 'கற்பனை' என்று எழுதி, திருத்தியவர் சுழித்துவிட்டிருந்தார். காரணம் எளிது. கழகம் அங்கீகரித்த பாடநூலில் 'மைட்டோகாண்ட்ரியா அரிசிமணி போன்றது. உள்ளே ஒன்றும் இல்லை' என்றுதான் இருந்தது. அந்தப் பாடநூலை 1938இல் தொகுத்தவர் எங்கள் தலைவர்.

மடிப்பு வந்தது முகம்மது கனி வாத்தியாரால். கடையநல்லூர்க்காரர், பேச்சித்தாயின் பள்ளியில் விஞ்ஞானம் எடுப்பவர். மதராஸில் ஒரு நூலகத்தில் அயல்நாட்டுப் பத்திரிகையில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்து எடுத்த படத்தைப் பார்த்து, மெல்லிய தாளை மேலே வைத்துக் கோடு கோடாகப் பிரதியெடுத்து வந்து வகுப்பில் காட்டியிருக்கிறார். தன்னால் ஒரு பெண் தோற்றுப்போனாள் என்று தெரிந்ததும் மனிதர் குற்றாலத்துக்கே ஓடி வந்துவிட்டார். காப்பிக் கடை பெஞ்சில் மாடனை உட்காரவைத்து அவர் விளக்கியபோது நானும் அங்கே இருந்தேன்.

"பச்சை இலை இருக்குல்லா அண்ணாச்சி, அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அறை அறையா இருக்கும். அதான் செல்லு. அந்த அறைக்குள்ள பச்சைப் பொட்டு பொட்டா இருக்கது பசுங்கணிகம். அதுக்குள்ள அப்பளக் கட்டு கணக்கா தட்டுத் தட்டா அடுக்கியிருக்கு. வெயிலைப் பிடிக்கது அந்த அடுக்குதான். பிடிச்ச வெயிலை வச்சு, தண்ணியையும் காத்துல உள்ள கரிவாயுவையும் சேத்துச் சர்க்கரை பண்ணிரும்."

"அது நம்ம உடம்புல உண்டா?" என்றார் மாடன்.

"கிடையாது. நாம தின்னுதான் ஆகணும். ஆனா தின்னதுல இருந்து பலத்தை எடுத்துக் குடுக்கது மைட்டோகாண்ட்ரியா. அது இலையிலயும் உண்டு, நம்மகிட்டயும் உண்டு. வெளித்தோல் வழவழன்னு இருக்கும். உள்தோல்தான் சூட்சுமம்."

கனி வாத்தியார் மாடனின் தூக்குவாளியை வாங்கினார். கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து, மடித்து மடித்து வாளிக்குள் திணித்தார். "மூச்சுல இழுக்குத பிராணவாயுவுக்கு வேலை இருக்கது இந்தத் துணி மேலதான். துணி பெரிசா இருந்தா வேலையும் கூட நடக்கும். ஆனா வாளி சின்னது. அதான் மடிச்சு வச்சிருக்கு."

மாடன் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "இதுல என்ன சார் தப்பு? வாளிக்குள்ள வேட்டிய வைக்கணும்னா மடிக்கத்தான செய்யணும்? எம்பிள்ள அதத்தான வரைஞ்சிருக்கா?"

எங்கள் குழுவில் இரண்டு முனைவர்கள் உண்டு. ஒருவருக்கும் இது இவ்வளவு சீக்கிரம் புரிந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே மகள் சார்பில் மாடனுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நல்லெண்ணத்தோடுதான் எழுதினேன். அவர் மைதடவிய கட்டை விரலை அழுத்தமாக ஊன்றிவிட்டு, எண்ணெய்க் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுதான் அவர் மகளைக் கவிழ்த்தது. அதற்கு வருகிறேன்.

மறுநாள் காலை அருவிக்கரைப் பாறையில் தலைவர் குப்புறப் படுத்திருந்தார். மாடன் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். உறுப்பினர்களிடம் மனுதாரர் தரப்பு நேரில் பேசக்கூடாது என்பது விதி. ஆனால் தலைவர் அப்போது துண்டோடு இருந்தபடியால் அவர் உறுப்பினர் ஆகமாட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"எசமான், அந்த மைட்டோவுக்குள்ள மடிப்பு இருக்காம்லா. எம்பிள்ள பொய் எழுதலயாம்."

"இருக்கலாம் மாடா" என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல். "உலகத்தில் எத்தனையோ இருக்கிறது. எல்லாவற்றையும் கழகம் ஏற்றுக்கொண்டிருக்கிறதா? உள்ளே ஒன்றும் இல்லை என்று நான் எழுதினேன். இருபத்து மூன்று வருஷமாகப் பிள்ளைகள் ஒன்றும் இல்லை என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு பையன் இன்றைக்குக் கலெக்டர். இப்போது உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொன்னால், அவன் கலெக்டரா இல்லையா? கொஞ்சம் இடுப்பை அழுத்து."

மாடன் இடுப்பை அழுத்தினார். "எசமான் தொடையிலயும் அது உண்டும்னு கனி சார் சொல்லுதாரு. உழைக்கிற சதையில ஆயிரம் ஆயிரமா இருக்குமாம். எல்லாத்துலயும் மடிப்புதானாம்."

தலைவர் சடக்கென்று எழுந்து உட்கார்ந்தார். "என் தொடையிலா? எழுத்து மூலமாகச் சொன்னாரா?"

"இல்ல எசமான். வாயால."

"அப்போது இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார்.

ஆனாலும் குழு நேர்மையானது. நேரில் பார்த்து முடிவு செய்வோம் என்று தீர்மானம் போட்டது. தென்காசியில் ஒரு பள்ளியிலிருந்து மைக்ராஸ்கோப்பை இரவல் வாங்கி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தேன். குளத்திலிருந்து வேலம்பாசி பறித்து வந்து, அதன் இலையைக் கண்ணாடித் துண்டில் வைத்தார் கனி வாத்தியார். "இதுல மைட்டோகாண்ட்ரியா மடிப்பு தெரியாதுங்க. அதுக்கு வேற பெரிய கருவி வேணும். பசுங்கணிகம் மட்டும் தெரியும்" என்று முதலிலேயே சொன்னார். அவர் சொன்னதைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்றார்கள்.

தலைவர் குனிந்து பார்த்தார். பச்சைப் பொட்டுகள் செல்லின் ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வந்துகொண்டிருந்தன. எனக்கும் பிறகு காட்டினார்கள். அத்தனை அழகான ஒன்றை நான் என் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. தலைவர் நிமிர்ந்து, "இவை யாருடைய உத்தரவின் பேரில் சுற்றுகின்றன?" என்று கேட்டார். இரண்டாவது உறுப்பினர் நெடுநேரம் பார்த்துவிட்டு மைட்டோகாண்ட்ரியாவைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். 'கறுப்பு நிறம், வளைந்தது, வழவழப்பானது, மடிப்பு அறவே இல்லை' என்று குறிப்பில் ஏற்றினேன். அது அவருடைய கண்ணிமை மயிர் என்று கனி வாத்தியார் மெதுவாகச் சொன்னார். கழகத்து உறுப்பினரின் இமை மயிரைப் பற்றி வெளியார் கருத்துச் சொல்ல அனுமதியில்லை என்று அவரை அனுப்பிவிட்டார்கள். காப்பி வந்தது. விவகாரம் அடுத்த ஆண்டுச் சாரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

செப்டம்பரில் மறுதேர்வு இருந்தது. பேச்சித்தாய் படித்துத் தயாராக இருந்தாள். மற்றக் கேள்விகளை எழுதினாலே தேறிவிடுவாள். அப்போதுதான் விதி பதினாலு எனக்கு ஞாபகம் வந்தது. தகராறு நிலுவையில் இருக்கும் விடைக்குரிய மாணவர் அந்தப் பாடத்தில் மறுதேர்வு எழுதக்கூடாது. மனுவை வாபஸ் வாங்கினால் எழுதலாம். ஆனால் வாபஸை ஏற்றுக்கொள்ளக் குழு கூட வேண்டும். குழு கூட அருவியில் தண்ணீர் விழ வேண்டும். அந்தச் செப்டம்பரில் பாறைதான் தெரிந்தது.

தென்காசி அறைக்கு வந்து நின்ற மாடனிடம் இதைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப நான் விரல் வைக்காம இருந்திருந்தா எம்பிள்ள பரீச்சை எழுதியிருப்பா. அப்படித்தான சார்?"

"நான்தான் அண்ணாச்சி மனு எழுதினேன். தப்பு என்னுடையது."

"நீங்க எழுதுனீங்க. விரல் என்னுதுல்லா" என்றார்.

பயிற்சிப் பள்ளி இடம் அடுத்த பெயருக்குப் போயிற்று. அதன்பிறகு அந்த மனிதர் யாரைப் பார்த்தாலும், "எம்மவள நான்தான் கெடுத்தேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். எண்ணெய் தேய்க்கிறபோதும் சொல்வார். ஊருக்குப் புதிதாக வந்து படுத்திருப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆமாம் ஆமாம் என்று சொல்லிவைப்பார்.

1962 சாரலில் புதுச் சிக்கல் முளைத்தது. பேச்சித்தாயின் விடையில் 'மைட்டோகாண்ட்ரியா செல்லின் சக்தி நிலையம்' என்று ஒரு வரி இருந்தது. சக்தி நிலையம் என்றால் அது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதில்லையே என்று மூன்றாவது உறுப்பினர் கேள்வி எழுப்ப, கோப்பு தென் மண்டல மின்விசைக் கழகத்தின் கருத்துக்குப் போயிற்று. ஒன்பது மாதம் கழித்துப் பதில் வந்தது. 'மேற்படி பெயரில் எமது பட்டியலில் நிலையம் எதுவும் இல்லை. அனுமதியின்றி இயங்குவதாயின் இருப்பிடத்தைத் தெரிவிக்கவும். பணியாளரை அனுப்பி இணைப்பைத் துண்டிக்கிறோம்.' இருப்பிடம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு 'எல்லோரிடமும்' என்று எழுதினேன். அதற்கு எனக்கு எச்சரிக்கைக் குறிப்பு கிடைத்தது.

1963இல் குழுவுக்கு இரக்கம் வந்தது. பேச்சித்தாயையே அழைத்தார்கள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பங்களாக் கூடத்தில் நனைந்த சேலையோடு வந்து நின்றாள்.

"இந்த மடிப்பை நீ கண்ணால் பார்த்தாயா?" என்றார் தலைவர்.

"படத்துல பார்த்தேன்யா."

"படம் எங்கே எடுத்தது?"

"வெளிநாட்டுல."

"பார்த்தீர்களா!" என்று தலைவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வெளிநாட்டுச் செல்லில் மடிப்பு இருக்கலாம். அவர்களுக்கு வசதி இருக்கிறது, மடித்து வைத்துக்கொள்கிறார்கள். நம் மண்டலத்துச் செல்லில் அதே மடிப்பு இருக்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி? இருந்தாலும் போகட்டும். ஏழைப் பெண். வல்லிநாயகம், அந்தத் தாளைக் கொடு."

தாளை நான்தான் டைப் அடித்திருந்தேன். ஒரே ஒரு வரி. 'மடிப்புகள் இல்லை என்பதை அறிவேன், கைதவறி வரைந்துவிட்டேன்.' கையெழுத்துப் போட்டால் கருணை மதிப்பெண் இரண்டு; அங்கேயே தேர்ச்சி.

அவள் வாசித்தாள். பேனாவை எடுக்கவில்லை.

வாசல் பக்கம் நின்ற மாடன் உள்ளே வந்துவிட்டார். "போடு மக்கா. ஒரு கையெழுத்துதான. அப்பாவுக்காகப் போட்டுரு தாயீ."

"இருக்கத இல்லைன்னு எப்படிப்பா எழுத?"

"ஏட்டி, அவுக பாத்து இரங்கித் தாராகட்டி. ரெண்டு வருசமா எனக்குச் சோறு இறங்கல."

அவள் தகப்பனைப் பார்த்து அழுதாள். ஆனால் தாளை மடிக்காமல் அப்படியே மேஜைமேல் வைத்தாள். "நான் டீச்சராப் போனா பிள்ளைகளுக்கு இதத்தான்பா சொல்லிக் குடுக்கணும். பொய்யச் சொல்லி வேலைக்குப் போயி, அங்கன போயும் பொய்யவா சொல்ல?"

மனுதாரர் ஒத்துழைக்க மறுத்தார் என்று குறிப்பில் ஏற்றினேன். எழுத்துப்பிழை ஒன்றும் விடவில்லை. நாற்பது வயது ஆண்பிள்ளை நான், இரண்டு முனைவர்கள், ஒரு தலைவர் எல்லோரும் இருந்த கூடத்தில் முதுகு நிமிர்ந்து நின்றது அவள் ஒருத்திதான்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆரியங்காவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற பையன். நல்ல பையன்தான். அவளுக்கும் அங்கேயே இலை பறிக்கிற வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

1964 சாரலுக்குத் தலைவர் மிகுந்த உற்சாகத்தோடு வந்தார். அவருடைய மருமகன் வெளிநாட்டிலிருந்து கலர்ப்படம் போட்ட புத்தகம் கொண்டுவந்திருந்தான். அதில் பசுங்கணிகத்துக்குள் தட்டுத் தட்டாக அடுக்கு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மடிப்பு மடிப்பாக உள்சவ்வு. பாடநூலின் புதிய பதிப்பை அதே படங்களோடு, அதே தலைவர் தொகுத்துவிட்டார். புதிய பதிப்பு விற்க வேண்டுமானால் பழையது தவறாக வேண்டும். ஒரே நாளில் குழு ஏகமனதாக முடிவெடுத்தது. நாலு மணிக் காப்பி அன்றைக்கு நாலேகாலுக்கு வந்தது.

முடிவில் தலைவர் பேசினார். "நண்பர்களே, மைட்டோகாண்ட்ரியாவுக்கு மடிப்பு வேண்டும் என்று பலர் பல வருஷமாகக் கேட்டார்கள். நான் அவசரப்படவில்லை. அவசரப்பட்டுக் கொடுத்திருந்தால் அதன் மதிப்பு குறைந்திருக்கும். இன்றைக்குக் கொடுத்துவிட்டேன்." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு டைப் அடிக்கிற வேலை இருந்ததால் நான் தட்டவில்லை.

ஆணை இதுதான்:

'1964 ஜூலை முதல் தேதி முதற்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் மடிப்புகள் இருக்கும். இவ்வாணைக்கு முன்தேதிப் பலன் கிடையாது. 1961ஆம் ஆண்டு மடிப்புகள் இல்லாதபடியால், மனுதாரர் மா. பேச்சித்தாய் அவ்வாண்டு எழுதிய விடை தவறே. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

பிரதியை மாடனிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவர் பாறையில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை நான் வாசிக்க மறுத்துவிட்டேன். "சரி சார். அவகிட்ட ஒரு எட்டு கொண்டு காட்டுவோம். மடிப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டாகள்லா, அதாச்சும் அவளுக்குத் தெரியட்டும்" என்றார். அந்த ஊருக்கு அவர் தனியாகப் போனதில்லை. நானும் கூடப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

செங்கோட்டையில் பஸ் மாறி, மலை ஏறி, இறங்கி ஒரு மைல் நடந்தோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பேச்சித்தாய் கூடையோடு வந்தாள், பின்னால் அவள் புருஷன். விரல் நுனியெல்லாம் இலைக்கறை. மாடனைக் கண்டதும் ஓடிவந்து, "என்னப்பா இப்படி எலும்பாப் போயிட்ட?" என்றாள். மாடன் மடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மனதுக்குள் ஒரு தடவை வாசித்தாள். கண் மேலிருந்து கீழே போய், மறுபடி மேலே வந்து, கீழே போயிற்று. பிறகு தகப்பன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எம்மவள நான்தான் கெடுத்தேன்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே? இவுக சொன்னாக" என்று பக்கத்தில் நின்ற புருஷனைக் காட்டினாள்.

மாடன் அவள் கையிலிருந்த தாளைக் காட்டினார். "சத்தமா வாசி மக்கா" என்றார்.

அவள் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நின்று வாசிக்கிற குரலில் வாசித்தாள். "'மனுதாரர் மா. பேச்சித்தாய் 1961ஆம் ஆண்டு எழுதிய விடை சரியானது. அவருடைய தகப்பனார் மாடன் மனு கொடுத்ததன் பேரில் உண்மை தெரியவந்தது. ஆகவே அவருக்கு இரண்டு மதிப்பெண் வழங்கப்படுகிறது. அவர் தேர்ச்சி பெற்றார்.'" வாசித்துவிட்டு, "பாஸுப்பா. நீ விரல் வச்சதுலதான்பா நான் பாஸு" என்றாள்.

அந்தத் தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. அதன் ஒவ்வொரு எழுத்தையும் அடித்தவன் நான். ஐந்து பேர் முன்னால் ஒரு வரிப் பொய்யில் கையெழுத்துப் போடாதவள் என் கண்முன்னே நான்கு வரி வாசித்தாள். நான் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாடனுக்கும் தெரியும். முந்தின நாள்தான் என் வாயால் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்படியா போட்டிருக்கான்! பாத்தீகளா சார்?" என்றார் என்னிடம். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இன்னொரு மட்டம் வாசி மக்கா" என்றார்.

அவள் மறுபடியும் வாசித்தாள், ஒரு சொல் மாறாமல்.